விமானத்தின் பின்னால் வீசும் காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் 14 ஆண்டுகள் ராம்ப் வேலை செய்துவிட்டு உப்புவெளிக்குத் திரும்பியவன் நான். விமானங்கள் நிறுத்தப்படும் தளத்தைத்தான் ராம்ப் என்போம். சில்லு உருளாமல் சொக் எனும் தடைக்கட்டை வைப்பதும் பொதி ஏற்றி இறக்குவதும் எங்கள் வேலை. அதே வேலைக்குப் புறப்படும் கிண்ணியா, மூதூர் இளைஞர்களும், பௌதிகவியல் படிக்கும் உயர்தர மாணவர்களும், கட்டுநாயக்கவுக்கு இரவிரவாக ஆட்களை ஏற்றிச் செல்லும் வான் சாரதிகளும் ஜெட் பிளாஸ்ட் எனப்படும், விமான எஞ்சினின் பின்னால் வீசும் காற்றைப் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விமானத்துக்குப் பின்னால் வருவது நெருப்பா, புகையா, இல்லாவிட்டால் வெறும் காற்றா?

மிகப் பெரும்பகுதி காற்றுத்தான். இன்றைய பயணிகள் விமான எஞ்சினின் முகப்பில் தெரியும் பெரிய விசிறி உள்ளிழுக்கும் காற்று முழுவதும் எரிபொருளோடு சேர்ந்து எரிவதில்லை. போயிங் 737-800 விமானத்தின் எஞ்சினை எடுத்துக்கொண்டால், ஒரு பங்கு காற்று நடுவில் உள்ள எரியறைக்குள் போகும்போது, ஐந்து பங்குக்கும் மேற்பட்ட காற்று அதைச் சுற்றிக்கொண்டு நேரே பின்னால் தள்ளப்படுகிறது. நடுவிலிருந்து வரும் வாயு, குழாய் வாயில் பல நூறு பாகை சூடாக இருக்கும். ஆனால் சுற்றிவரும் குளிர்ந்த காற்றோடும் வெளிக்காற்றோடும் கலந்து விரைவில் ஆறிவிடும். பின்னெரிப்பு, அதாவது வெளியேற்றக் குழாயில் மறுபடி எரிபொருளை எரிக்கும் அமைப்பு, பூட்டிய போர் விமானங்களில் மட்டுமே நீளமான தீப்பிழம்பைக் காணலாம்.

ஆகவே பயணிகள் விமானத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரிவது மிஞ்சிப்போனால் கானல் போன்ற ஒரு நெளிவு மட்டுமே. உண்மையிலேயே நெருப்பாக இருந்திருந்தால் இவ்வளவு பேர் அதற்குள் நடந்து போயிருக்க மாட்டார்கள் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

காற்றுத்தானே! கச்சானில் நின்று வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டா?

இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பவர்கள்தான் அதிகம். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் அடிக்கும்போது முற்றத்துக் கதிரை உருள்வதையும் கிடுகு வேலி சாய்வதையும் பார்த்துப் பழகியவர்களுக்கு, காற்றைக் கண்டு பயப்படுவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை இரண்டு மடங்காக உயர்வதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகிறது.

நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதர் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்கிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று அவரை ஏறக்குறைய 28 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். 200 கிலோமீட்டரில் அது 110 கிலோவைத் தாண்டுகிறது, அதாவது பெரும்பாலானவர்களின் உடல் எடையை விட அதிகம். 300 கிலோமீட்டரில் 250 கிலோ. விமானத் தயாரிப்பாளர்களான போயிங் நிறுவனத்தார் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தையே ஆபத்து எல்லையின் தொடக்கமாக வரைபடங்களில் குறிப்பதற்குக் காரணம், அந்த வேகத்திலேயே ஆள் தடுமாறத் தொடங்குவதும் கையிலுள்ள சாமான் பறக்கத் தொடங்குவதுமாகும்.

1964 டிசம்பர்ச் சூறாவளியைத் திருகோணமலையிலும் 1978 நவம்பர்ச் சூறாவளியை மட்டக்களப்பிலும் கண்ட மூத்தவர்களிடம் கேட்டால், தென்னை முறிக்கும் காற்று எப்படியிருக்கும் என்று சொல்வார்கள். அவ்வகைக் காற்றே முழு விசையில் இயங்கும் பெரிய எஞ்சினின் பின்னால், ஒடுங்கிய ஒரு பாதையில் வீசுகிறது. சூறாவளிக்கு முன் வானொலி எச்சரிக்கும். இது எந்த அறிவித்தலும் இல்லாமல் சில விநாடிகளில் எழுந்துவிடும்.

ஒரு எஞ்சின் அப்படி எவ்வளவு காற்றைத்தான் தள்ளுகிறது?

மேலே சொன்ன 737-800 விமானத்தின் சி.எஃப்.எம்.56 எஞ்சின், புறப்படும்போது விநாடிக்கு ஏறத்தாழ 350 கிலோ காற்றை விழுங்கிப் பின்னால் எறிகிறது. காற்றுக்கு எடையே இல்லை என்று எண்ணுபவர்களுக்காகச் சொல்வதானால், 9 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வகுப்பறையை நிரப்பும் காற்றின் எடை அவ்வளவுதான். அப்படியொரு வகுப்பறைக் காற்று, ஒவ்வொரு விநாடியும், மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய சராசரி வேகத்தில் வெளியேறுகிறது. அதனால் கிடைக்கும் உந்துவிசை ஓர் எஞ்சினுக்கு 12 தொன் எடைக்குச் சமம்.

இது நடுத்தர விமானத்தின் கணக்கு. போயிங் 777-300ஈஆர் விமானத்தின் ஜி.ஈ.90 வகை எஞ்சின் ஒன்று 52 தொன் அளவுக்கு உந்துகிறது, அத்தகைய இரண்டு எஞ்சின்கள் அதில் உள்ளன. அவ்வகை எஞ்சின் 2002ஆம் ஆண்டில் சோதனைத் தளத்தில் ஏறத்தாழ 58 தொன் உந்துவிசையைக் காட்டியது. அதற்குப் பின் வந்த ஜி.ஈ.9எக்ஸ் அதையும் தாண்டிவிட்டது.

எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் பயமில்லை?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. விமானத்தின் அளவையும் எஞ்சின் எந்த விசையில் இயங்குகிறது என்பதையும் பொறுத்தது. 737 அளவிலான விமானம் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சுழற்சியில் இருக்கும்போது ஆபத்து எல்லை ஏறத்தாழ 30 மீட்டர் வரை நீள்கிறது. நின்ற இடத்திலிருந்து நகர்வதற்காக விசையைக் கூட்டும்போது அது நூறு மீட்டரைத் தாண்டுகிறது. புறப்பாட்டு விசையில் 500 மீட்டருக்கும் அப்பால் போகிறது. பெரிய விமானங்களுக்கு இவை இன்னும் கூடும். சரியான அளவு ஒவ்வொரு விமானத்தின் கையேட்டிலும் படமாக வரையப்பட்டிருக்கும். வேலைக்குச் செல்பவர்கள் முதல் வாரத்திலேயே அந்தப் படத்தைக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தூரம் ஏன் உதவுகிறது என்பதையும் விளங்கிக்கொள்வது நல்லது. பீறிட்டு வரும் காற்று வழியில் உள்ள சும்மா கிடந்த காற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு விரிகிறது. குழாய் வாயைக் கடந்து ஓரளவு தூரத்துக்குப் பின், தூரம் இரட்டிப்பானால் நடுக்கோட்டு வேகம் ஏறத்தாழ பாதியாகும். இரண்டாம் பதிலில் சொன்ன கணக்குப்படி தள்ளுவிசை நான்கில் ஒன்றாகிவிடும். இன்னொரு விடயம், இறக்கைக்குக் கீழே தாழத் தொங்கும் எஞ்சின்களின் காற்று தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதால் எதிர்பார்த்ததை விடத் தூரம் போகும். பக்கக் காற்று அடித்தால் அதன் பாதையும் வளையும்.

எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் போகலாமா?

போகக் கூடாது. ஐடிலில் இருக்கும் எஞ்சின் அடுத்த நிமிடமும் ஐடிலிலேயே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பல தொன் எடையுள்ள விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போது தேவைப்படும் விசையைவிட, நின்ற நிலையிலிருந்து நகரத் தொடங்கத் தேவைப்படும் விசை அதிகம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டியை முதன்முதலில் அசைக்க மாடு எப்படி இழுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த முதல் இழுப்புக்கு விமானி விசையைக் கூட்டுவார், பின்னால் நிற்பவர் அதைக் கேட்டு விளங்கிக்கொள்வதற்குள் காற்று வந்து சேர்ந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓர் இரவுப் பணியில், பக்கத்துத் தளத்திலிருந்து ஒரு பெரிய விமானம் நகர்ந்து திரும்பியது. நேரே போயிருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது திரும்பும்போது அதன் வால், திசைகாட்டியின் முள் போல எங்கள் தளத்தைத் தடவிச் சென்றது. சொக் வைக்காமல் விடப்பட்டிருந்த, 80 கிலோ வரும் வெற்றுப் பொதிக் கொள்கலன் ஒன்று தரையில் சறுக்கிக்கொண்டு போய்ப் பொதி வண்டியில் மோதி நசுங்கியது. சில விநாடிகளுக்கு முன்தான் நான் அதிலிருந்து கையை எடுத்திருந்தேன். பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தக் கொள்கலனின் பக்கப் பரப்புக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றே 120 கிலோ அளவுக்குத் தள்ளும். அதற்குப் பிறகு நான் எந்த வெற்றுக் கொள்கலனையும் கட்டாமல் விட்டதில்லை.

அப்படியானால் முன்னால் நிற்பது பாதுகாப்புத்தானே?

இல்லை. பின்னால் எறிவதற்கு வேண்டிய காற்று முன்னாலிருந்துதான் வருகிறது. 737 அளவிலான எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே முகப்பிலிருந்து மூன்று மீட்டர் அளவுக்குள் ஆளை இழுத்துவிடக் கூடும். விசை கூடினால் அந்த எல்லையும் விரியும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொன்ட்கொமறி விமான நிலையத்தில் 2022 டிசம்பர் 31ஆம் திகதி, எஞ்சின் இன்னும் நிற்காத விமானத்தின் அருகே சென்ற ஒரு தரைப் பணியாளர் அப்படி இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உறிஞ்சும் காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் சில மீட்டர் விலகினாலே பலம் குன்றிவிடும். பின்னால் வீசுவதோ ஒரே திசையில் குவிந்து வெகுதூரம் போகும். மெழுகுதிரியை ஊதி அணைக்கலாம், அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியாது. மாணவர்களுக்கு நான் காட்டும் செய்முறை இதுதான்.

கடற்கரையில் வேலியைப் பிடித்துத் தொங்குகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

கரிபியனில் சின்ட் மார்ட்டின் தீவின் மாஹோ கடற்கரையைத்தான் எல்லோரும் கைத்தொலைபேசியில் காட்டிக் கேட்கிறார்கள். அங்கே ஓடுபாதையின் முனைக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒரு சிறிய வீதியும் வேலியும் மட்டுமே உள்ளன. விமானம் புறப்படும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு காற்றை வாங்குவது அங்கு வருவோருக்கு ஒரு விளையாட்டு. உயிராபத்து உண்டென்று அங்கேயே பலகை வைக்கப்பட்டிருக்கிறது. 2017 ஜூலை 12ஆம் திகதி, ஒரு 737 விமானம் புறப்பட்டபோது வேலியைப் பிடித்திருந்த 57 வயது நியூசிலாந்துப் பெண்ணொருவர் பின்னால் தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு இறந்தார்.

அவரைக் கொன்றது காற்று என்பதை விட, காற்று கொண்டுபோய் மோதவிட்ட கட்டாந்தரை என்பதே சரியாக இருக்கும். ஜெட் பிளாஸ்ட்டில் ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை: விழுவது, மோதுவது, அல்லது பறந்து வரும் கல்லும் தகரமும் நம்மேல் மோதுவது. காணொளி எடுப்பவர்கள் மணலில் உருள்பவர்களை மட்டுமே காட்டுகிறார்கள்.

எங்களுடைய சீனன்குடாவிலும் இந்த ஆபத்து இருக்கிறதா?

திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்தில் நாளாந்தம் நாம் பார்ப்பவை பெரும்பாலும் உந்துசுழலி பூட்டிய சிறிய விமானங்கள், ஆகவே இங்கு சொன்ன தூரங்களை அப்படியே அவற்றுக்குப் பொருத்தக் கூடாது. உந்துசுழலியின் பின்னாலும் காற்று அடிக்கும். தொப்பியையும் மணலையும் பறக்க விடும். ஆனால் அவற்றில் பெரிய ஆபத்து சுழலியேதான், வேகமாகச் சுழலும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். விமானப்படையின் பி.டி.6 பயிற்சி விமானம் பிஸ்டன் எஞ்சின் கொண்டது. செஸ்னா கரவன் விமானத்தில் இருப்பது பி.டி.6 என்ற பெயருள்ள வாயுச் சுழலி எஞ்சின். பெயர் ஒன்று, பொருள் வேறு. அந்தச் சுழலி எஞ்சினும் தன் பலத்தில் பெரும்பகுதியை உந்துசுழலிக்கே கொடுத்துவிடுவதால், அதன் வெளியேற்றக் குழாயிலிருந்து வரும் வீச்சு சிறியது.

நமது ஊர்களில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது ஹெலிகொப்டர். வெள்ள காலத்தில் பாடசாலை மைதானத்தில் அது இறங்கும்போது பிள்ளைகள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்கிறார்கள். 12 தொன் எடையுள்ள எம்.ஐ.17 வகை ஹெலிகொப்டர் ஒன்று அந்தரத்தில் நிற்பதற்குக் கீழ்நோக்கித் தள்ளும் காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அது தரையில் பட்டு நாற்புறமும் ஓடும். தளர்ந்த கூரைத் தகரம் ஒன்றைக் கழற்றி வீச அது போதும்.

ஓடுபாதை முனையில் மஞ்சள் அம்புக்குறிக் கோடுகள் எதற்கு?

அந்தப் பகுதிக்கு பிளாஸ்ட் பேட் என்று பெயர். புறப்படும் விமானத்தின் காற்று வெறும் மண்ணில் பட்டால் மண்ணை அரித்து, கற்களைக் கிளப்பிவிடும் என்பதால் ஓடுபாதைக்குப் பின்னாலும் தளம் இடப்படுகிறது. அது விமானம் இறங்குவதற்கானது அல்ல என்பதையே மஞ்சள் குறிகள் காட்டுகின்றன. இடவசதி குறைந்த விமான நிலையங்களில் காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடும் வளைந்த இரும்பு வேலிகளும் உண்டு. விமானந்தாங்கிக் கப்பல்களிலோ, தளத்திலிருந்து நிமிர்ந்து எழும் தடுப்புப் பலகைகளைக் கடல்நீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள்.

பின்னால் ஒரு சுவர் இருந்தால் விமானம் அதை உதைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போகுமா?

போகாது. எஞ்சின் பின்னாலுள்ள எதையும் உதைத்து முன்னேறுவதில்லை. தனக்குள் புகுந்த காற்றை விரைவுபடுத்தி எறியும்போதே அந்தக் காற்று எஞ்சினின் உட்பாகங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி அந்த இடத்திலேயே நிறைவேறிவிடுகிறது. வள்ளத்தில் நின்றுகொண்டு நங்கூரக் கல்லைப் பின்னால் வீசி எறிந்தால், கல் எங்கே விழுந்தாலும் வள்ளம் முன்னால் நகர்வதைப் போன்றது இது. சுவரால் விமானத்துக்கு நன்மை இல்லை. நெருக்கமாக இருந்தால், திரும்பி வரும் சூடான காற்றையும் தூசியையும் எஞ்சின் மறுபடி விழுங்கும் தீமைதான் உண்டு.

விமானம் ஓடத் தொடங்கிய பிறகு பின்னால் அடிக்கும் காற்று கூடுமா, குறையுமா?

குறையும். பலர் மாறி நினைக்கிறார்கள். எஞ்சினிலிருந்து காற்று வெளியேறும் வேகம் எஞ்சினைச் சார்ந்தது. தரையில் நிற்பவருக்கு வந்து படுவது அதிலிருந்து விமானத்தின் முன்னோக்கிய வேகத்தைக் கழித்த மிகுதி. விமானம் பிரேக்கில் நின்றபடி முழு விசை கொடுக்கும்போது கழிப்பதற்கு எதுவும் இல்லை, ஆகவே அந்தக் கணமே பின்னால் இருப்பவர்களுக்கு மிகக் கொடியது. மாஹோவில் வேலியில் தொங்குபவர்கள் தேடிப்போய் நிற்பதும் அந்தக் கணத்துக்காகவே.

வேக் டர்புலன்ஸ் என்பதும் இதுதானா?

இல்லை, அது இறக்கை நுனிகளிலிருந்து உருவாகும் சுழிக்காற்று. விமானம் மூக்கை உயர்த்தும்போது தொடங்கி, சில்லுகள் தரையில் படும்வரை இருக்கும். அதனால் தொல்லைப்படுவது பின்னால் பறந்து வரும் மற்ற விமானங்கள். ஜெட் பிளாஸ்ட் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் இருக்கும், அதனால் துன்பப்படுவது பெரும்பாலும் தரையில் இருப்பவர்கள்.

தரையிறங்கியதும் எஞ்சின் பலமாக இரைகிறதே, அப்போது காற்று முன்னால் வருமா?

ஓரளவு வரும். எஞ்சினின் ஓரத்துக் கதவுகள் திறந்து, நடுப்பகுதியைச் சுற்றிவரும் குளிர்ந்த காற்றைப் பக்கவாட்டாகவும் முன்னாலும் திருப்பிவிடுகின்றன. நடுவிலிருந்து வரும் சூடான வாயு பெரும்பாலான விமானங்களில் வழக்கம்போலப் பின்னாலேயே போகும். அது ஓடுபாதையில் நடப்பதால் ராம்பில் வேலை செய்பவருக்குக் கவலை இல்லை.

இவ்வளவு பலத்தை நல்ல வேலைக்குப் பயன்படுத்த முடியாதா?

பயன்படுத்தியிருக்கிறார்கள். 1991இல் குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் நூற்றுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தபோது, ஹங்கேரியக் குழுவொன்று பழைய டி-34 போர்த் தாங்கியின் அடிப்பாகத்தின் மேல் மிக்-21 போர் விமானத்தின் இரண்டு எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டு வந்தது. எஞ்சின் காற்றுக்குள் தண்ணீரைச் செலுத்தி, அந்த நீர்ப்புயலால் தீயை எண்ணெய்ப் பீச்சிலிருந்து பிரித்து அணைத்தார்கள். வளைகுடாவில் என்னோடு வேலை செய்தவர்களிடையே இந்தக் கதைக்கு இருந்த மதிப்பு பெரிது.

அகப்பட்டுவிட்டால் என்ன செய்வது?

ஓட வேண்டாம். ஓடுபவரின் ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் இருக்கும், காற்றுக்கு அதுவே போதும். உடனே தரையோடு தரையாகப் படுத்து, முகத்தைக் காற்று வரும் பக்கத்திலிருந்து அப்பால் திருப்பி, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். படுத்திருப்பவர் காற்றுக்குக் காட்டும் பரப்பு நிற்பவருடையதில் ஒரு சிறு பங்குதான். உருளக்கூடிய வண்டியையோ ஏணியையோ பிடித்துக்கொள்ள வேண்டாம், அது உங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றதில் மட்டும் டாக்ஸி செய்து வந்தால் ஆபத்து பாதியாகுமா?

விமானம் தன் எஞ்சினால் தரையில் ஓடுவதைத்தான் டாக்ஸி என்பார்கள். எரிபொருளை மிச்சப்படுத்தப் பல விமானங்கள் இப்படி ஓடுவதுண்டு. விமானத்தின் எடை மாறுவதில்லை. அதை அசைக்கத் தேவைப்படும் மொத்த உந்துவிசையும் மாறுவதில்லை. இரண்டு எஞ்சின்கள் பகிர்ந்த வேலையை ஒன்றே செய்வதால், அந்த ஒன்றின் பின்னால் நிற்பவர்மேல் படும் தள்ளுவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆபத்து பாதியாகவில்லை, ஒரு பக்கத்துக்கு ஒதுங்கிக் குவிந்திருக்கிறது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. நீங்கள் நிற்கும் பக்கத்து எஞ்சினின் விசிறி அசையாமல் நிற்பதைப் பார்த்து, விமானம் அணைந்துவிட்டது என்று எண்ணிக் கிட்டப் போவீர்கள்; மறுபக்கத்து எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் விசிறியைப் பார்த்து முடிவெடுக்காமல், உடலின் மேலும் கீழும் மின்னும் சிவப்பு பீக்கன் விளக்கைப் பார்க்கச் சொல்கிறார்கள். அது அணைந்து, முன் சில்லுக்குச் சொக் வைக்கப்பட்டு, பொறுப்பாளர் கை காட்டும்வரை தரையில் வரைந்துள்ள பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள்.